பெரிய வியாழனன்று யாருடைய பாதங்கள்?



பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் பங்குகளில் வேலை பெருகுகிறது. வெள்ளிதோறும் சிலுவைப்பாதை, வீடுதோறும் பிடியரிசிக் கலயம். குருத்தோலைக்கு ஏற்பாடு செய்வோர் ஒருபுறம், பாஸ்கு இரவுக்குப் பாட்டுப் பழகுவோர் ஒருபுறம். இவற்றோடு பங்குச் சபையில் ஒரு கேள்வியும் எழும்: "இவ்வருஷம் பாதங்கழுவ யார் யாரை உட்கார வைப்பது?" கேள்வி சிறியது. ஆனால் பங்கின் உள்ளம் அதிலே வெளிப்பட்டுவிடும். ஆகையால் இவ்வாரம் இச்சடங்கின் பொருளைப் படிப்போம்.

1. ஆண்டவர் செய்தது என்ன?

யூதேயா நாட்டில் புழுதி வழியே நடந்து வந்த விருந்தாளியின் பாதங்களைக் கழுவுவது அடிமையின் வேலை. நம் நாட்டிலும் வீட்டுக்கு வருபவருக்குத் திண்ணையருகே செம்பில் தண்ணீர் கொடுப்பது பழைய வழக்கம். ஆனால் செம்பைக் கொடுப்போமேயன்றி, நாமே குனிந்து அவர் காலைக் கழுவுவதில்லை. சேசுநாதரோ பந்தியைவிட்டு எழுந்து, மேலாடையைக் கழற்றி, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, சீடர்களுக்கு முன்பாகக் குனிந்தார். அர்ச். இராயப்பர் வெட்கப்பட்டுத் தடுத்தார். யூதாசோ அப்போது இன்னும் பந்தியில்தான் இருந்தான். அவனுடைய பாதங்களும் கழுவப்பட்டன. வேண்டியவர், வேண்டாதவர் என்று ஆண்டவர் பொறுக்கி எடுக்கவில்லை.

மற்றொன்றையும் கவனியுங்கள். அந்த இராப்போசனத்தில் திவ்விய நற்கருணை ஏற்படுத்தப்பட்டதை மற்ற மூன்று சுவிசேஷகர்களும் எழுதினார்கள். அர்ச். அருளப்பர் அதை எழுதாமல், பாதங்கழுவியதை எழுதினார். நற்கருணைப் பந்தியையும் தாழ்ந்து செய்யும் ஊழியத்தையும் பிரிக்கக் கூடாது என்பதே நாம் படிக்கவேண்டிய பாடம்.

2. திருச்சபை நடத்தும் முறை என்ன?

முன்னாட்களில் பெரிய வியாழன் பூசை காலையில் நடக்கும். பாதங்கழுவுதல் பூசைக்குப் புறம்பே நடக்கும். 12-ம் பத்திநாதர் 1955-ம் வருஷம் பரிசுத்த வாரச் சடங்குகளைச் சீர்திருத்தினார். 1956 முதல் மாலைப் பூசைக்குள்ளேயே, பிரசங்கத்துக்குப் பின், பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைக் கழுவ இடமுண்டாயிற்று. 2016 ஜனவரியில் வெளியான கட்டளைவழியாகப் பாப்பரசர் பிரான்சிஸ் இதை இன்னும் விரித்தார். ஆண்கள், பெண்கள், இளைஞர், முதியோர், நோயாளிகள், குருக்கள், துறவறத்தார், இல்லறத்தார் ஆகிய எல்லாரிலுமிருந்து தெரிந்துகொள்ளலாம். அமர்கிறவர்கள் பங்கு முழுவதற்கும் அடையாளமாக இருக்கவேண்டும் என்பதே கருத்து.

3. நம் பங்குகளுக்குப் படிப்பினை என்ன?

அந்த நாற்காலி முதல் மரியாதைக்குரிய இடமல்ல. திருநாளுக்கு அதிக வரி கொடுத்தவருக்கும், செல்வாக்குள்ள குடும்பத்துக்கும், ஒரே தெருவாருக்கும் அது சொந்தமாகிவிட்டால், சடங்கு நடந்திருக்கும். ஆண்டவர் செய்த காரியம் நடந்திராது. சாதி வேற்றுமைக்குக் கிறிஸ்தவத்தில் இடமேயில்லை என்று 1982-ல் திருச்சியில் கூடிய இந்திய ஆயர்கள் அறிவித்தார்கள். அந்த வார்த்தை உண்மையா என்று பத்துப் பன்னிரண்டு நாற்காலிகளே காட்டிவிடும்.

கோவிலைப் பெருக்கும் அம்மாள், கல்லறைக்குக் குழி தோண்டுபவர், தனியே வாழும் விதவை, பாஸ்கு இரவில் ஞானஸ்நானம் பெறப்போகிறவர், வடநாட்டிலிருந்து பிழைக்க வந்து பூசையில் பின்வரிசையில் நிற்கும் வாலிபர் இவர்களும் நம் பங்குதானே?

அன்று மாலை காணிக்கை நேரத்தில், அப்பத்தோடும் இரசத்தோடும் ஏழைகளுக்கான கொடைகளையும் பவனியாகக் கொண்டுவரப் பூசை விதியே இடந்தருகிறது. நாற்பது நாள் சேர்ந்த பிடியரிசி பீடத்தண்டை வருவதற்கு இதைவிடத் தகுந்த வேளை வேறில்லை.

இவ்வாரத் தீர்மானங்கள்

1. பேச்சு நின்றுபோன ஒரு வீட்டின் வாசலைப் பெரிய வியாழனுக்குமுன் மிதிப்பேன்.

2. என் பெயர் பட்டியலில் இல்லையென்று வருத்தப்படமாட்டேன். இருந்தால், இராயப்பரைப்போல் கூச்சத்தோடு அமருவேன்.

3. என் வீட்டுப் பிடியரிசியை நானே சுமந்து வருவேன்.

சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குச் சுவாமி