போனைத் திட்டினார்கள், வேனைக் கேட்கவில்லை

என் மகள் ஒன்பதாவது படிக்கும்போது தலைவலி என்று ஆரம்பித்தாள். கண் டாக்டர், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தாயிற்று. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே பாட்டுதான்: "போனைப் பிடுங்கி வை, எல்லாம் சரியாயிடும்." பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினோம். தலைவலி அப்படியே இருந்தது.

கடைசியில் விருத்தாசலத்தில் ஒரு குழந்தைகள் மருத்துவர்தான் கேட்டார்: "காலையில எத்தனை மணிக்கும்மா எழுப்புறீங்க?" நாலே முக்கால் என்றேன். "தூங்கறது?" பதினொன்று தாண்டிவிடும் என்றேன். 13 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், 6 முதல் 12 வயது வரை என்றால் 9 முதல் 12 மணி நேரம் என்றார். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் சொன்ன கணக்கு அது. என் பிள்ளைக்கு ஆறு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் பள்ளி வேன். வேப்பூர் கூட்ரோட்டில் ஏறும் எங்கள் பிள்ளைதான் காலையில் முதல் ஆள். அங்கிருந்து ஊர் ஊராகச் சுற்றிவிட்டு விருத்தாசலம் போகும். மாலையில் கடைசியாக இறங்குபவளும் அவளே. காலை ஸ்பெஷல் கிளாஸுக்காக வேன் ஆறேகாலுக்கே வந்து ஹாரன் அடிக்கும். அதற்குள் குளித்து, இரட்டைச் சடை போட்டு, ரிப்பன் கட்டியாக வேண்டும். நான் பின்னிக்கொண்டிருக்கும்போதே அவள் தலை முன்னால் சாயும். இழுத்து நிமிர்த்தி ஒரு கால் பின்னுவேன், மறுபடி சாயும். ரிப்பன் முடிச்சு விழும்போதுதான் கண்ணைத் திறப்பாள். வேனுக்குக் கொடுத்த பணத்தைவிட அந்தத் தூக்கம்தான் எங்களுக்குப் பெரிய நஷ்டம்.

"அப்போ ஒன்பது மணிக்கே படுக்க வை" என்று யோசனை சொல்பவர்களுக்குப் பதில் என் வீட்டிலேயே இருக்கிறது. நான்காவது படிக்கும் மகன் ஒன்பது மணிக்குச் சோற்றுத் தட்டிலேயே சாய்வான். அக்காவைப் படுக்க வைத்தால் இருட்டில் கண்ணை விழித்துக்கொண்டு கிடப்பாள். பருவ வயதில் தூக்கத்தைக் கூட்டி வரும் மெலடோனின் சுரப்பு இரண்டு மணி நேரம் வரைகூடத் தள்ளிப்போகும். அது திமிரும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. இராத்திரியை முன்னால் இழுக்க முடியாது என்றால் காலையைத்தான் பின்னால் தள்ள வேண்டும்.

எங்கள் குடும்பப் பெரியவர் ஒருவர் இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டார். விடியற்காலையில் படித்தால்தான் மனதில் பதியுமாம். இரவு ஒன்பதுக்கு ஊரே அடங்கிய காலத்தில் நாலு மணிக்கு எழுந்தவர் அவர். பகலில் படித்தது மனதில் தங்குவதற்கே தூக்கம் வேண்டும். கனவு வரும் தூக்கம் பெரும்பாலும் விடியலை ஒட்டித்தான் வரும். நாம் அதைத்தான் வெட்டுகிறோம். என் வீட்டுக்காரர் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்ப்பவர், ராத்திரி ஷிப்டில் தூக்கம் கெடுவது என்னவென்று தெரிந்தவர். ஆறுவதற்கு முன் சூளையைத் திறந்தால் உள்ளே இருக்கிற அகல் அத்தனையும் விரிசல் விட்டுவிடும் என்று அவர்தான் அந்தப் பெரியவரிடம் சொன்னார்.

பள்ளியில் போய், காலை ஸ்பெஷல் கிளாஸை மட்டும் விட்டுவிடட்டும், நேரே பஸ்ஸில் அனுப்புகிறேன் என்று கேட்டேன். "எல்லாப் பிள்ளையும் வருதே, உங்க பிள்ளை மட்டும் என்ன? இஷ்டமில்லைன்னா டிசி வாங்கிக்கங்க" என்றார்கள். நேரத்தைத் தள்ளினால் பிள்ளைகள் இன்னும் லேட்டாகத்தான் தூங்கும் என்றும் சொன்னார்கள். அன்றைக்கு வாயடைத்துத் திரும்பினேன். இன்றைக்குப் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2016-இல் உயர்நிலைப் பள்ளிகளை 7.50-இலிருந்து 8.45-க்கு மாற்றியது. பிள்ளைகள் நாளுக்கு 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்று ஆய்வு காட்டியது. கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளி 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்ற சட்டம் 2022 முதல் நடப்பில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன், மகாராஷ்டிர அரசே நான்காம் வகுப்பு வரை காலை ஒன்பதுக்கு முன் வகுப்பு வேண்டாம் என்று 2024-இல் உத்தரவு போட்டது.

பத்தாவது முடிந்ததும் டிசியை நானே கேட்டு வாங்கினேன். பிளஸ் ஒன் உள்ளூர் அரசு மேல்நிலைப் பள்ளியில். நடந்தே போய்விடலாம். இப்போது ஆறரைக்கு எழுந்திருக்கிறாள்; தலைவலி மாத்திரை வாங்கி வெகுநாளாகிறது. "இங்கிலீஷ் மீடியத்தை விட்டுட்டுப் போய் இப்படிப் பண்ணிட்டியே" என்று நாத்தனார் இன்னும் கேட்கிறார். அவர் பிள்ளை நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் ஐந்து மணிக்கு எழுகிறான். லீவுக்கு வந்தால் மூன்று நாளும் படுக்கையிலேயே கிடக்கிறான். நான் எதுவும் சொல்வதில்லை.

மற்றதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவைதான். சாயங்காலம் ஐந்துக்கு மேல் டீ, காபி வேண்டாம். படுக்கும் அறையில் போனும் டியூப் லைட்டும் வேண்டாம். கொசுவலை கட்டுங்கள். நம் வேப்பூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு விடிவதற்கு முன்பே வண்டிகள் வர ஆரம்பித்துவிடும். ரோட்டுப் பக்க அறையைப் பெரியவர்கள் எடுத்துக்கொண்டு பிள்ளைகளை உள்ளே படுக்க வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூடத் தூங்கட்டும், எழுப்பாதீர்கள். மத்தியானம் வரை மட்டும் விடாதீர்கள்.

ஜூனில் பீஸ் கட்டும் முன் வேன் ரூட்டைக் கேளுங்கள். நம் ஸ்டாப் எத்தனையாவது, காலையில் முதலில் ஏறும் பிள்ளை மாலையில் முதலில் இறங்குமா, ஸ்பெஷல் கிளாஸ் கட்டாயமா என்று மூன்றையும் அட்மிஷன் அன்றே கேளுங்கள். ஒரே ஸ்டாப்பில் ஏற்றிவிடும் நாலைந்து பெற்றோர் சேர்ந்து போங்கள். தனியாகப் போனால் டிசி பேச்சுதான் வரும்.