வேண்டுமென்று தோற்பது நியாயமா?



கோடை விடுமுறையில் ஒரு வாலிபால் பந்தயம் முடிந்து வீடு திரும்பிய பையன் தன் தகப்பனாரிடம் இப்படிச் சொன்னான்: "கடைசி லீக் ஆட்டத்தில் நாங்கள் வேண்டுமென்றுதான் தோற்றோம், அப்பா. ஜெயித்திருந்தால் அரையிறுதியில் போன வருஷம் கோப்பை வாங்கினவர்களோடு மோதவேண்டியிருக்கும். இதில் என்ன தப்பு? யாரிடமும் காசு வாங்கவில்லையே!"

தகப்பனாருக்கு உடனே பதில் வரவில்லை. வராததில் ஆச்சரியமுமில்லை. பணம் வாங்கிக்கொண்டு தோற்பது மோசடி என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கோப்பையை ஜெயிக்கும் உத்தேசத்தோடே ஓர் ஆட்டத்தை விட்டுக்கொடுப்பது? அது சாமர்த்தியமா, குற்றமா? உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி எழலாம். ஆகையால், உலகமே பார்த்துக்கொண்டிருக்க நடந்த ஒரு சம்பவத்தைக் கொண்டு இதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

2012-ம் வருஷம் லண்டன் ஒலிம்பிக். இறகுப்பந்தில் அதுவரை தோற்றவர் உடனே வெளியேறுவது வழக்கம். அவ்வருஷம்தான் முதன்முறையாகப் பிரிவு முறை வந்தது. பிரிவுக்கு நான்கு இணைகள். முதல் இரண்டு இணைகள் காலிறுதிக்குப் போகும். பெண்கள் இரட்டையரில் சீனாவின் வாங் சியாவோலி, யூ யாங் இருவரும் உலகத்தில் முதல் இடத்தில் இருந்தவர்கள். ஜூலை 31-ந் தேதி காலையில் சீனாவின் இன்னோர் இணை டென்மார்க்கிடம் தோற்று, தன் பிரிவில் இரண்டாம் இடத்துக்கு இறங்கிவிட்டது. இதனால் கணக்கு மாறியது. வாங்கும் யூவும் தங்கள் பிரிவில் முதலிடம் பெற்றால், இறுதி ஆட்டத்துக்கு முன்பே சொந்த நாட்டாரைச் சந்திக்க நேரும். இரண்டாமிடம் பெற்றால் அந்தத் தொல்லை இல்லை.

அன்று மாலை அவர்கள் தோற்பதற்காகவே ஆட இறங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், எதிரே நின்ற கொரியா இணைக்கும் ஜெயிக்க மனமில்லை! சர்வீஸ் வலையில் விழுந்தது. அடித்தது கோட்டுக்கு வெளியே போனது. முதல் செட்டில் நான்கு அடிகளுக்கு மேல் பந்து ஒருமுறைகூட நீடிக்கவில்லை. பணம் கொடுத்து வந்த ஜனங்கள் கூச்சலிட்டார்கள். பின்னர் வேறொரு கொரியா இணையும் இந்தோனேசியா இணையும் ஆடிய ஆட்டத்திலும் இதே கூத்து. மறுநாள், "முழு முயற்சியோடு ஆடவில்லை" என்ற குற்றத்துக்காக நான்கு இணைகளும், அதாவது எட்டுப் பெண்களும், பந்தயத்திலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்கள் இடத்தில் உள்ளே வந்த கனடா இணை தன் பிரிவில் மூன்று ஆட்டத்திலும் தோற்றிருந்தது. அது அரையிறுதிவரை சென்றது. அதேபோல் வந்த ரஷ்யா இணை வெண்கலமே வாங்கியது.

"பந்தய முறை அப்படி இருந்தது, நாங்கள் என்ன செய்ய?" என்று அவர்கள் சொல்லலாம். அதில் பாதி நியாயம் உண்டு என்பதே என் அபிப்பிராயம். தோற்றவனுக்கு லாபம் வரும்படி அட்டவணை போட்டவர்களும் வெட்கப்பட வேண்டியவர்களே. ஆனால் பூட்டாத கதவு திருடனுக்கு அனுமதிச் சீட்டு ஆகுமா?

"திருடவில்லையே, எங்கள் ஆட்டத்தைத்தானே விட்டோம்" என்று நம் பையன் சொல்வான். இங்கேதான் கவனிக்கவேண்டும். பிரிவு முறையில் ஓர் ஆட்டம் களத்தில் நிற்கும் இருவருக்கு மட்டும் சொந்தமல்ல. நம் நாட்டு ஜ்வாலா கட்டா, அஸ்வினி பொன்னப்பா இருவரையும் நினைத்துப் பாருங்கள். அதே ஒலிம்பிக்கில் தங்கள் பிரிவின் மூன்று ஆட்டங்களில் இரண்டை ஜெயித்தார்கள். சீன தைபேயையும் வென்றார்கள். அப்புறம் தைபே இணை ஜப்பான் இணையைத் தோற்கடித்ததால், மூன்று இணைகள் சமமாக நின்றன. புள்ளி வித்தியாசம் பார்த்தபோது ஒரே ஒரு புள்ளியில் நம்மவர்கள் வெளியேறினார்கள். ஜப்பான் முழு மனதோடு ஆடவில்லை என்று இந்தியா புகார் கொடுத்தது; புகார் தள்ளப்பட்டது. ஜப்பானியர் மீது குற்றம் எதுவும் ருசுவாகவில்லை. அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அந்த நேரத்தில் நம் இரண்டு பெண்களின் நிலையை யோசியுங்கள். தங்கள் உழைப்பின் பலன், தாங்கள் ஆடாத ஓர் ஆட்டத்தில், பிறர் கையில் இருந்தது. அந்தப் பிறர் ஒழுங்காக ஆடுவார்கள் என்று நம்புவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. வேண்டுமென்று தோற்பவன் கெடுப்பது அந்த நம்பிக்கையைத்தான். அவனால் நஷ்டப்படுகிறவன் களத்திலேயே இல்லாத மூன்றாம் ஆள். கண்ணுக்குத் தெரியாததால் அவன் நினைவுக்கு வருவதில்லை.

அப்படியானால் முக்கிய ஆட்டக்காரருக்கு ஓய்வு கொடுப்பதும் தவறா? இல்லை. களைத்தவனை உட்காரவைத்து, இறங்கியவர்கள் மனப்பூர்வமாக ஆடினால் யாரும் ஏமாற்றப்படவில்லை. சங்கடமான எல்லையும் ஒன்று உண்டு. லண்டன் இறகுப்பந்துக் கூத்து நடந்த அதே நாளில், ஜப்பான் பெண்கள் கால்பந்து அணி கார்டிஃப் நகரில் தென்னாப்பிரிக்காவோடு 0-0 என்று சமன் செய்தது. ஜெயித்தால் கிளாஸ்கோவுக்கு நெடும் பயணம். சமன் செய்தால் அதே ஊரில் தங்கலாம். ஜெயிக்கவேண்டாம் என்று தாமே சொன்னதாகப் பயிற்சியாளர் ஒப்புக்கொண்டார். தண்டனை ஏதும் இல்லை. சட்டம் விட்டது, என் மனம் முழுவதும் விடவில்லை என்றாலும், தன் கோலிலேயே பந்தை அடிப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டென்று ஒப்புக்கொள்கிறேன்.

தன் கோலில் அடித்ததும் நடந்ததுதான். 1998-ல் வியட்நாமில் நடந்த டைகர் கோப்பையில் தாய்லாந்து, இந்தோனேசியா இரண்டுமே ஜெயிக்க விரும்பவில்லை. ஜெயித்தவர் அரையிறுதியில் வியட்நாமை அதன் சொந்த ஊரிலேயே சந்திக்கவேண்டும். கடைசியில் இந்தோனேசிய வீரர் ஒருவர் தாமே தம் கோலில் பந்தைத் தள்ளினார். சர்வதேச ஆட்டங்களில் அவருக்கு ஆயுள் தடை. இந்தோனேசியா தேடிப்போன 'சுலபமான' எதிரி சிங்கப்பூர். அதே சிங்கப்பூர் அவர்களைத் தோற்கடித்துக் கோப்பையையும் கொண்டுபோயிற்று.

நம் பக்கத்துக்கே வருவோம். 2022-ல் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. சமமான புள்ளி உள்ளவர்களை ஒருவரோடு ஒருவர் மோதவிடும் 'சுவிஸ்' முறை அது. முதலில் சில புள்ளிகளை விட்டுவிட்டுப் பலவீனமான எதிரிகளைத் தேடும் தந்திரம் இம்முறையில் பழையது. அதற்குச் செஸ்காரர்கள் 'சுவிஸ் காம்பிட்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஆனால் புள்ளிகள் சமமானால், நீ யாரை எதிர்த்தாய் என்பதும் கணக்கில் வரும். அவ்வருஷம் உஸ்பெகிஸ்தானும் அர்மீனியாவும் 19 புள்ளிகளோடு சமமாக நிற்க, தங்கம் யாருக்கு என்பதை அந்த உபகணக்குத்தான் தீர்த்தது. சுலபமான வழியில் வந்தவனுக்கு அங்கே கை குறையும்.

ஆகவே நம் ஊரில் பந்தயம் நடத்தும் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. 1982 உலகக் கோப்பைக் கால்பந்தில் முந்தின நாளே ஆடிமுடித்துக் காத்திருந்த அல்ஜீரியா, மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் இருவருக்கும் சௌகரியமான 1-0 கணக்கில் ஆடி முடித்ததால் வெளியேறியது. அதன் பிறகே கடைசிப் பிரிவு ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கும் வழக்கம் வந்தது. லண்டனுக்குப் பின் இறகுப்பந்திலும், பிரிவு ஆட்டங்கள் முடிந்தபின் இரண்டாமிடத்தாருக்குச் சீட்டுக் குலுக்குகிறார்கள். நீங்களும் மைதானத்தில் இரண்டு வலை கட்டி, கடைசி லீக் ஆட்டங்களை ஒரே நேரத்தில் தொடங்குங்கள். அரையிறுதியில் யாருக்கு யார் என்பதை முன்கூட்டி அட்டையில் எழுதி ஒட்டாமல், அவை முடிந்தபின் எல்லார் முன்னிலையிலும் சீட்டு எடுங்கள்.

அந்தப் பையனின் தகப்பனார் இரண்டு நாள் கழித்து அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாராம்: "நீங்கள் தோற்றதால் வெளியே போன அணி எது?" பையனுக்கு அது தெரிந்திருந்தது. அடுத்த ஊர்ப் பையன்கள், சைக்கிளில் வந்தவர்கள்.