வண்டி ஏன் உதறுகிறது? கால்க் புரோகிராமில் கண்டுபிடிக்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் ஸ்ப்ரெட்ஷீட் பற்றிப் பேச ஆரம்பித்தால், "எனக்கென்ன கடையா இருக்கிறது, கணக்கு எழுதுவதற்கு?" என்று கேட்கிறார்கள். தென்காசியில் இருக்கும் என் தாய்மாமாவும் இப்படித்தான் கேட்டார். அவர் வாங்கிய பழைய எஸ்.யூ.வி. வண்டிதான் அவருக்குப் பதில் சொன்னது.

ஒன்பது வருடம் ஓடிய வண்டி. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் உறவினர் கூட்டம் வந்து இறங்கும். ஏழு பேரை ஏற்றிக்கொண்டு ஐந்தருவி, பழைய குற்றாலம், அப்படியே செங்கோட்டை, புளியரை வழியாக மலையேறி ஆரியங்காவு வரை போய் வரலாம் என்பது மாமாவின் கணக்கு. ஆனால் வேகம் எண்பதை நெருங்கினால் வண்டி உதறியது. ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் ஊஞ்சல் மாதிரி ஆடியது. பின் சீட்டில் ஒரு முறை உட்கார்ந்து வந்த என் அம்மா, அடுத்த முறை பஸ்ஸில் வந்தார். ஒர்க் ஷாப்பில் காட்டியதற்கு, "நாலு ஷாக் அப்சார்பரும் போச்சு. மாத்திடலாம்" என்றார்கள். செலவு 18 ஆயிரம் ரூபாய். மாற்றினால் சரியாகிவிடுமா என்று மாமா என்னைக் கேட்டார். எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. ஆனால் அதிர்வை அளந்து பார்க்கத் தெரியும். அதற்குத் தேவை ஒரு ஸ்மார்ட் போன், வீட்டுக் கம்ப்யூட்டர், லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும் கால்க் புரோகிராம். அவ்வளவுதான்.

முதலில் சில கணக்குகள்

வண்டியில் சுழலும் ஒவ்வொரு பாகமும் ஒரு நொடிக்கு இத்தனை சுற்று என்று சுற்றுகிறது. அதில் கோளாறு இருந்தால், சுற்றுக்கு ஒரு முறை வண்டியைத் தட்டும். நொடிக்கு எத்தனை தட்டு என்பதைத்தான் ஹெர்ட்ஸ் என்கிறோம். ஆகவே எத்தனை ஹெர்ட்ஸில் உதறுகிறது என்று தெரிந்தால், எந்தப் பாகம் என்று ஊகிக்கலாம்.

டயரின் பக்கவாட்டில் அளவு எழுதியிருக்கும். மாமா வண்டியில் 235/70 ஆர் 16. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கால்க் திறந்து ஒரு செல்லில் கிளிக் செய்து இப்படி டைப் செய்திடவும்:

=235*0.70*2+16*25.4

என்டர் தட்டினால் 735.4 என்று வரும். இது டயரின் விட்டம். பக்கச்சுவர் மேலே ஒன்று, கீழே ஒன்று என்பதால் இரண்டால் பெருக்கினோம். அங்குலத்தை மில்லிமீட்டராக மாற்ற 25.4. பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி என்பதையும், சம அடையாளம் இல்லாமல் தொடங்கினால் கால்க் அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம். அடுத்த செல்லில்:

=735.4*3.1416/1000

விடை 2.31. ஒரு சுற்றில் சக்கரம் 2.31 மீட்டர் நகர்கிறது. இனி 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு எத்தனை சுற்று?

=80/3.6/2.31

9.6 வருகிறது. 3.6 என்பது மணிக்குக் கிலோமீட்டரை நொடிக்கு மீட்டராக மாற்ற. 80 இருக்கும் இடத்தில் வேறு வேகங்களைப் போட்டுப் பாருங்கள். 60க்கு 7.2, 70க்கு 8.4, 90க்கு 10.8, 100க்கு 12 கிடைக்கும். உங்கள் வண்டியின் டயர் அளவு வேறாக இருந்தால் எண்களும் மாறும்.

இன்ஜினுக்கு இன்னும் எளிது. டேக்கோ மீட்டரில் 2400 காட்டினால் =2400/60, அதாவது 40 ஹெர்ட்ஸ். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிபொருள் வெடிப்பதால் 80 ஹெர்ட்ஸிலும் அதிர்வு இருக்கும். பின் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டு போகும் ப்ரொபல்லர் ஷாஃப்ட் சக்கரத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றும். எத்தனை மடங்கு என்பது பின் ஆக்சிலின் பல் விகிதம். அது 4 என்றால், 80 கிலோமீட்டர் வேகத்தில் ஷாஃப்ட் ஏறக்குறைய 38 ஹெர்ட்ஸ்.

சுழலாதவற்றுக்கும் சொந்தமாக ஆடும் வேகம் உண்டு. ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டியின் பாடி நொடிக்கு ஒன்று முதல் இரண்டு முறை ஆடும். சாலைக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே மாட்டிக்கொண்ட சக்கரமும் ஆக்சிலும் 10 முதல் 15 ஹெர்ட்ஸில் துள்ளும். எல்லாவற்றையும் குழப்புவது இதுதான். 80, 90 வேகத்தில் சக்கரத்தின் சுற்றும் இந்தத் துள்ளலும் ஏறக்குறைய ஒரே எண்ணுக்கு வந்துவிடுகின்றன. ஊஞ்சலை அதன் தாளத்தில் தள்ளினால் உயரப் போவது போல, சிறு கோளாறுகூடப் பெரிய உதறலாகிறது. ரிம் விளிம்பில் 30 கிராம் கூடுதல் எடை இருந்தால் போதும். 80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட விசை நொடிக்கு பத்து முறை ஆக்சிலைத் தட்டும். பழைய ஷாக் அப்சார்பர் அந்தத் துள்ளலை அடக்காது என்பது உண்மை. ஆனால் தட்டுவது அது இல்லை.

இரண்டையும் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. சுழலும் பாகத்தின் எண் வண்டியின் வேகத்தோடு நகரும். சஸ்பென்ஷனின் எண் நகராது.

பதிவு செய்வது எப்படி?

ஜெர்மனியின் ஆக்கன் நகரப் பல்கலைக்கழகம் 2016ல் வெளியிட்ட பைபாக்ஸ் என்ற இலவச ஆப், போனில் இருக்கும் சென்சார்களை அளவு கருவிகளாக மாற்றுகிறது. அதில் புவியீர்ப்பு இல்லாத ஆக்ஸலரேஷன் என்ற பிரிவைத் திறக்கவும். போனை வண்டியின் தரையில், சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட் அருகே, திரை மேலே பார்க்கும்படி படுக்க வைத்து இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். சீட் மேல் வைத்தால் குஷன் அதிர்வை விழுங்கிவிடும்.

ஓட்டுபவர் போனைத் தொடவே கூடாது. பின்னால் உட்காருபவர்தான் பதிவு செய்ய வேண்டும். கிளம்பும் முன் வீல் நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா, காற்று சரியா என்று பார்த்துவிடுங்கள். நட்டு தளர்ந்திருந்தால் எந்த ஆராய்ச்சியும் வேண்டாம், வண்டியை நகர்த்தாமல் அதை முதலில் சரி செய்யுங்கள்.

நாங்கள் ஒரு ஞாயிறு விடியற்காலையில், ஆலங்குளம் தாண்டி திருநெல்வேலி போகும் ரோட்டில் நேரான பகுதியைத் தேர்ந்தெடுத்தோம். மாமா ஓட்டினார். ஒரே சீரான வேகத்தில் 15 நொடி, வேறு வேகத்தில் மறுபடியும் 15 நொடி. வேகத்தை இன்னொரு போனின் ஜி.பி.எஸ்.ஸில் பார்த்துக் குறித்தேன். வண்டியின் மீட்டர் 80க்கு மேல் காட்டியபோது ஜி.பி.எஸ். 78 சொன்னது. மீட்டர்கள் பொதுவாகச் சற்றுக் கூட்டித்தான் காட்டும். ஒவ்வொரு பதிவும் முடிந்தவுடன், மூன்று புள்ளி மெனுவில் எக்ஸ்போர்ட் டேட்டா தேர்ந்தெடுத்து, எக்செல் பார்மட்டில் என் மெயிலுக்கே அனுப்பிக்கொண்டேன். பைல் பெயரில் வேகத்தையும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து எது எந்த வேகம் என்று விழிக்க வேண்டியிருக்கும். அனுபவம்.

கம்ப்யூட்டரில்

பைலை கால்க்கில் திறந்தால் முதல் நெடுவரிசையில் நேரம், அடுத்த மூன்றில் மூன்று திசை அதிர்வுகள் இருக்கும். நான்காவது நெடுவரிசைதான் மேல் கீழ் அதிர்வு. நேரம் 2 நொடியில் தொடங்கி 12 நொடியில் முடியும் வரிசைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடவும். பத்து நொடிக்கு 1000 வரிசை இருந்தால், போன் நொடிக்கு 100 முறை அளந்திருக்கிறது என்று பொருள்.

இதை அப்படியே சார்ட் ஆக்கினால் கோழி கிளறியது போல இருக்கும். எல்லா அதிர்வுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்திருப்பதே காரணம். இதைத் தனித்தனியாகப் பிரிக்கும் கணிதம் ஃபூரியே என்ற பிரெஞ்சுக்காரர் தந்தது. வெப்பம் பரவுவதைப் பற்றி 1822ல் அவர் எழுதிய நூலில் வந்தது. கம்ப்யூட்டரில் அதை வேகமாகச் செய்யும் முறையைக் கூலி, டுக்கி என்ற இருவர் 1965ல் வெளியிட்டார்கள். நமக்கு அது ஒரு மெனு கட்டளை. நான்காவது நெடுவரிசையை செலக்ட் செய்து, டேட்டா மெனுவில் ஸ்டாடிஸ்டிக்ஸ், அதில் ஃபூரியே அனாலிசிஸ் கிளிக் செய்யவும். கிடைக்கும் விண்டோவில், விடை எங்கே வர வேண்டும் என்று ஒரு காலியான செல்லைக் காட்டி, போலார் என்ற கட்டத்தில் டிக் செய்து ஓகே தரவும். மேக்னிட்யூட், ஃபேஸ் என இரண்டு நெடுவரிசைகள் வரும். மேக்னிட்யூட் மட்டும் போதும்.

பத்து நொடி எடுத்ததற்குக் காரணம் உண்டு. அப்போது ஒவ்வொரு வரிசையும் சரியாக 0.1 ஹெர்ட்ஸ். அருகே ஒரு காலி நெடுவரிசையில் மேக்னிட்யூடின் முதல் எண்ணுக்கு நேரே 0 என்றும், அதன் கீழே 0.1 என்றும் டைப் செய்து, இரண்டு செல்களையும் செலக்ட் செய்து, கீழ் வலது மூலையில் இருக்கும் சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்து இழுங்கள். மீதி எண்கள் தாமாக நிரம்பும். இந்த இரண்டு நெடுவரிசைகளை வைத்து இன்சர்ட் மெனுவில் சார்ட், எக்ஸ் ஒய் ஸ்கேட்டர் தேர்ந்தெடுக்கவும். முதல் பாதியை மட்டும் பாருங்கள். பின்பாதி அதன் கண்ணாடிப் பிம்பம்.

ஒரு எச்சரிக்கை. நொடிக்கு 100 முறை அளக்கும் போனால் 50 ஹெர்ட்ஸ் வரைதான் சரியாகப் பார்க்க முடியும். 80 ஹெர்ட்ஸ் இன்ஜின் அதிர்வு, 20 ஹெர்ட்ஸ் போல வேஷம் போட்டுக்கொண்டு வரலாம். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதாகத் தெரிகிறதே, அதே ஏமாற்று. சந்தேகம் வந்தால் அதே வேகத்தில் வேறு கியரில் ஓட்டிப் பதிவு செய்யுங்கள். எண் மாறினால் இன்ஜின். மாறாவிட்டால் ஷாஃப்ட் அல்லது சக்கரம்.

மாமா வண்டி சொன்னது என்ன?

78 கிலோமீட்டர் வேகத்தில் சார்ட்டில் ஒரே ஒரு கோபுரம், 9.7 ஹெர்ட்ஸில். 60ல் அது 7.4க்கு இறங்கி வந்தது. கணக்குப்படி 9.4, 7.2 வர வேண்டும். எடையில் டயர் சற்று அமுங்குவதால் சுற்றளவு குறைகிறது. மூன்று சதவீத வித்தியாசம் இயல்பே. எண் வேகத்தோடு நகர்கிறது, கியர் மாற்றியும் மாறவில்லை. ஆகவே குற்றவாளி சக்கரம்.

டயர் கடையில் நான்குக்கும் வீல் பேலன்சிங் செய்தோம். மறுபடி பதிவு செய்ததில் கோபுரம் கொஞ்சம்தான் குட்டையானது. எனக்கே நம்பிக்கை ஆட்டம் கண்டது. பேலன்சிங் மெஷின் சக்கரத்தை அந்தரத்தில் சுற்றிப் பார்க்கிறது. டயர் வட்டமாக இல்லாவிட்டால் அது ரோட்டில் உருளும்போதுதான் தெரியும் என்பது பிறகுதான் புத்திக்கு எட்டியது. ஸ்டெப்னி அதே அளவு என்பதால், ஒவ்வொரு சக்கரத்தையும் கழற்றி ஸ்டெப்னியை மாட்டி, ஒவ்வொரு முறையும் அதே ரோட்டில் பதிவு செய்தோம். மாமா பொறுமைசாலி. மூன்று முறை மாற்றமே இல்லை. பின் இடது சக்கரத்தை மாற்றியபோது கோபுரம் மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தது.

கழற்றிய டயரை உருட்டிப் பார்த்தோம். உள்பக்கம், அதாவது வண்டியின் அடியில் தலையை நுழைத்தால் மட்டுமே தெரியும் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வீங்கியிருந்தது. உள்ளே கம்பிப் பின்னல் ரப்பரை விட்டுப் பிரிந்துவிட்டது. டயரில் இருந்த நான்கு இலக்கத் தேதியில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். மற்ற மூன்றைவிட இது நான்கு வருடம் பழையது. யாரோ எங்கோ கிடைத்ததை மாட்டி வண்டியை விற்றிருக்கிறார்கள். நான்கு ஷாக்கும் மாற்றியிருந்தால் உதறல் ஓரளவு அடங்கியிருக்கும். இந்த டயரோடு ஏழு பேரும் புளியரை எஸ் வளைவில் இறங்கியிருப்போம். அதை நினைத்தபோது மாமா எதுவும் பேசவில்லை.

ஒர்க் ஷாப் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. ஐந்தருவி போகும் வழியில் ஒரு ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கிப் பதிவு செய்து, ஃபூரியே எதுவும் இல்லாமல் நேரத்தையும் அதிர்வையும் மட்டும் சார்ட் ஆக்கினேன். முன் சீட் அருகே வைத்த போனில், சக்கரம் இறங்கியபின் ஒரு மேடு, ஒரு சிறு மேடு, அடங்கிவிட்டது. பின் சீட் அருகே வைத்ததில் முக்கால் நொடிக்கு ஒன்றாக நான்கு மேடுகள். பின் ஷாக் இரண்டும் போய்விட்டன, முன் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. மெக்கானிக்கிடம் சார்ட்டைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்காமல், வண்டியின் பின் பம்பரை அமுக்கிவிட்டு, "ஆமா தம்பி, பின்னாடிதான்" என்றார்.

பால் ஜாயின்ட், டை ராட், புஷ் தேய்ந்திருப்பதை இந்த முறை காட்டாது. அதற்கு வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்க்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் உதறினால் பிரேக் டிஸ்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

புது டயர் ஒன்றும் பின் ஷாக் இரண்டும் மாற்றியபின் அதே ரோட்டில், அதே வேகத்தில் மீண்டும் பதிவு செய்து, பழைய பைலிலேயே இன்னொரு ஷீட்டாகச் சேர்த்து வைத்திருக்கிறோம். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட வேண்டும். அந்தப் பைலை இப்போது மாமாவே திறக்கிறார். மூன்றாவது ஷீட்டில் டீசல் கணக்கும் எழுதத் தொடங்கியிருக்கிறார்.