நகலுக்கு எந்த ஊர்?

மரவள்ளிக் காடும் ஜவ்வரிசி ஆலையும் உள்ள ஊர் வாழப்பாடி. எடைச்சீட்டு, பில், லாரி ரசீது எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கிளவுடில் போட ஆரம்பித்த பிறகு, சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களின் முகமே மாறிவிட்டது. இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: அமேசானின் ஈஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்துக்கு டெர்ராஃபார்மில் ரெப்ளிகேஷன் எழுதும்போது டெஸ்டினேஷன் பிளாக்கில் எதைப் போடுவது? டெர்ராஃபார்ம் என்றால் என்ன என்று கேட்டிருந்த இருவர் அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: வாழப்பாடி, பேளூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்து தருகிறோம். ஃபைல்கள் மும்பை ரீஜனில் இருக்கின்றன. நகலை ஹைதராபாத்தில் வைப்பதா, சிங்கப்பூரிலா? சிங்கப்பூர்தான் பழையது, நம்பலாம் என்கிறார் முதலாளி.
(வாசகர், வாழப்பாடி)

பதில்: ஹைதராபாத்.

முதலாளி சொல்வதில் பாதி சரி. சிங்கப்பூர் ரீஜன் 2010இலேயே வந்தது. மும்பை 2016 ஜூனில்தான் வந்தது. ஹைதராபாத் திறந்தது 2022 நவம்பரில். நடுவே இருந்த ஆறு ஆண்டுகளில் அமேசானுக்கு இந்தியாவுக்குள் இரண்டாவது ரீஜன் கிடையாது. நகல் நாட்டைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அந்தக் காலத்துப் பழக்கத்தை இன்றைக்கும் சுமக்கத் தேவையில்லை. பணப் பரிமாற்றத் தரவுகள் இந்தியாவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவு போட்டது. ஜவ்வரிசி மூட்டைக் கணக்கு அதில் வராது. ஆனால் நாளைக்கு ஒரு பேமென்ட் நிறுவனம் உங்களிடம் வாடிக்கையாளராக வந்தால் முதல் கேள்வியே இதுவாக இருக்கும்.

ஹைதராபாத்துக்கு ஒரு முடிச்சு உண்டு. அது கணக்கில் தானாகத் திறந்திருக்காது. கணக்கு அமைப்புகளுக்குள் போய் அந்த ரீஜனை நீங்களே இயக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஏபி-சவுத்-2 என்று எழுதி அப்ளை கொடுத்துவிட்டு, சிவப்பு எழுத்தில் பிழை வந்ததும் கோடைக் குறை சொல்பவர்கள் அதிகம்.

இன்னொன்று. டெர்ராஃபார்ம் ஆவணத்தில் உள்ள இரண்டாவது எடுத்துக்காட்டில் ரீஜனே இருக்காது, அவைலபிலிட்டி ஸோன் இருக்கும். அதை அப்படியே எடுத்து ஒட்டி, ஸோன் பெயரை மட்டும் மாற்றிக்கொள்கிறவர்கள் தங்கள் நகல் ஒற்றை ஸோனில் மட்டும் உட்கார்ந்திருப்பதை மாதக்கணக்கில் அறியாமல் இருப்பார்கள். ஒற்றை ஸோன் மலிவு என்று தெரிந்தே வைத்தால் சரி. தெரியாமல் வைக்காதீர்கள். ரீஜன் என்ற ஒரு வரியை எழுதினால் போதும். புது ஃபைல் சிஸ்டத்தை அமேசானே அங்கே உருவாக்கிவிடும்.

கேள்வி: ஹைதராபாத் நகலில் ஃபைல் எழுதினால் "ரீட் ஒன்லி" என்று வருகிறது. பெர்மிஷன் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. என்ன கோளாறு?
(வாசகர், அயோத்தியாப்பட்டணம்)

பதில்: கோளாறே இல்லை. ரெப்ளிகேஷன் ஓடும்வரை நகல் படிக்க மட்டும்தான்.

கேள்வி: எங்கள் ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்ட் போனால் மாலைதான் வரும். அந்த நேரம் ரெப்ளிகேஷன் நின்றுபோகுமா?
(வாசகி, வாழப்பாடி)

பதில்: நிற்காது, அம்மா. நகல் போவது மும்பையிலிருந்து ஹைதராபாத்துக்கு. வாழப்பாடி டிரான்ஸ்ஃபார்மருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கவலைப்பட வேண்டியது வேறு ஒன்று. அப்ளை பாதியில் ஓடும்போது கரண்ட் போய், லேப்டாப்பும் அணைந்துவிட்டால், டெர்ராஃபார்ம் ஸ்டேட்டின் மீது போட்ட பூட்டு அப்படியே நிற்கக்கூடும். வேறு யாரும் அப்ளை ஓட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டு பூட்டை எடுக்க வேண்டும். உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்தால் ஸ்டேட் ஃபைல் உங்கள் லேப்டாப்பிலேயே இருப்பதாகத் தெரிகிறது. இன்றைக்கே எஸ்3க்கு மாற்றுங்கள். நகலை இரண்டாவது மாநிலத்தில் வைத்துவிட்டு, அதன் வரைபடத்தை மட்டும் ஒரே லேப்டாப்பில் வைப்பது என்ன கணக்கு?

கேள்வி: மும்பையில் பயன்படுத்தும் கேஎம்எஸ் சாவியின் ஏஆர்என்னையே டெஸ்டினேஷனிலும் கொடுத்தேன். ஏற்கவில்லை.
(வாசகர், ராசிபுரம்)

பதில்: ஏற்காது. கேஎம்எஸ் சாவி ரீஜனுக்கு ரீஜன் வேறு. ஹைதராபாத்தில் ஒரு சாவி உருவாக்கி அதைக் கொடுங்கள். அந்த வரியையே காலியாக விட்டால் ஈஎஃப்எஸ்ஸின் இயல்புச் சாவி வந்து உட்காரும். அப்புறம் அதை மாற்ற முடியாது. தணிக்கைக்காரர் வந்து "சாவி யாருடையது" என்று கேட்கும்போதுதான் பலருக்கு இது தெரிய வருகிறது.

கேள்வி: எங்களுடையது லாரி புக்கிங் அலுவலகம். ரெப்ளிகேஷன் போட்டாயிற்று. பேக்கப்புக்கும் தனியாக மாதாமாதம் பணம் போகிறது. இரண்டும் ஒன்றுதானே, ஒன்றை நிறுத்திவிடலாமா?
(வாசகர், நாமக்கல்)

பதில்: நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் ரெப்ளிகேஷனை நிறுத்துங்கள். பேக்கப்பைத் தொடாதீர்கள்.

இரண்டும் ஒன்றல்ல. மும்பையில் ஒரு ஃபோல்டரை யாராவது அழித்தால், பெரும்பாலும் 15 நிமிடத்துக்குள் ஹைதராபாத்திலும் அது அழிந்திருக்கும். வைரஸ் புகுந்து ஃபைல்களைப் பூட்டினால், பூட்டிய ஃபைல்களே ஒழுங்காக நகலாகும். ரெப்ளிகேஷன் தன் வேலையை நேர்மையாகச் செய்கிறது, அவ்வளவுதான். நேற்று எப்படி இருந்தது என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. அது பேக்கப்புக்கு மட்டும்தான் தெரியும்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை இந்தத் துறையில் உள்ள எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டும். அவர்கள் ஒளிவுமறைவில்லாமல் எழுதியே வைத்திருக்கிறார்கள். டேட்டாபேஸின் நகல் பின்தங்கிவிட்டது. அதைச் சரிசெய்ய நகல் சர்வரின் ஃபோல்டரைக் காலி செய்ய நினைத்த பொறியாளர், மூல சர்வரில் அந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் எஸ்3 பக்கெட் காலி. டேட்டாபேஸ் வெர்ஷன் பொருந்தாததால் பேக்கப் கொஞ்ச நாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. அதே பொறியாளர் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

கோடில் எழுதும் ஆட்களுக்கு 2024 மே மாதத்து ஆஸ்திரேலியச் சம்பவம் இன்னும் நெருக்கமானது. யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். அவர்களுக்காகக் கூகுள் கிளவுடில் ஒரு தனி அமைப்பை உருவாக்கியபோது ஒரு பெட்டி காலியாக விடப்பட்டது. காலியாக இருந்ததால் ஓராண்டுக் காலம் என்ற இயல்பு மதிப்பு தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ஓராண்டு முடிந்ததும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அது அழிந்தது. உறுப்பினர்கள் நாள்கணக்கில் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. வேறொரு நிறுவனத்திடம் தனியாக வைத்திருந்த பேக்கப்பும் சேர்ந்துதான் அவர்களை மீட்டது. உங்கள் டெஸ்டினேஷன் பிளாக்கில் காலியாக விட்ட வரிகளை இப்போது ஒருமுறை திரும்பப் பாருங்கள்.

எதுவுமே வைக்காதவர்கள் கதையும் இருக்கிறது. தென் கொரியாவின் டேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் அலுவலக ஃபைல்களைப் போட்டு வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற கிளவுட், 858 டெராபைட், அதோடு போயிற்று. அளவு பெரிது என்பதால் வெளியே பேக்கப் எடுக்கவில்லை என்றார்கள். உங்கள் லாரி ரசீதுகள் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். ஆக, பணம் அதிகம் என்ற சாக்கு உங்களுக்குச் செல்லாது.

ஈஎஃப்எஸ்ஸின் தானியங்கி பேக்கப் தினமும் எடுத்து 35 நாள் வைத்திருக்கும். லாரி அலுவலகத்துக்கு அது நல்ல தொடக்கம். முடிந்தால் பேக்கப்பை வேறொரு கணக்கில் வையுங்கள். மூலத்தை அழிக்கும் அதிகாரம் உள்ள அதே யூசருக்குப் பேக்கப்பை அழிக்கும் அதிகாரமும் இருப்பது, வீட்டுச் சாவியையும் உதிரிச் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து வைப்பதுதான். ரெப்ளிகேஷனை நிறுத்தச் சொன்னது கோபத்தில். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டெஸ்டினேஷன் ரீஜனைக் கோடில் மாற்றினேன். பிளானில் "ரீப்ளேஸ்" என்று காட்டியது, அப்ளை கொடுத்துவிட்டேன். இப்போது பழைய நகலுக்கும் பில் வருகிறது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
(வாசகர், ஆத்தூர்)

பதில்: கேட்க முடியாது. பிளான் முன்கூட்டியே சொல்லித்தான் இருக்கிறது. டெஸ்டினேஷனில் எதை மாற்றினாலும் பழைய ரெப்ளிகேஷன் நீங்கி, புதிது முதலிலிருந்து தொடங்கும். ரெப்ளிகேஷனை நீக்குவது நகல் ஃபைல் சிஸ்டத்தை நீக்காது. அந்த நகலை உருவாக்கியது அமேசான். அதனால் உங்கள் ஸ்டேட்டில் அது இருக்கவே இருக்காது, டெஸ்ட்ராய் கொடுத்தாலும் போகாது. கன்சோலுக்குப் போய்க் கையால் நீக்குங்கள். நீக்குவதற்கு முன் ரீஜன் பெயரை இரண்டுமுறை படியுங்கள்.

கேள்வி: நகலைச் சென்னையிலேயே வைக்க வழியில்லையா?
(வாசகர், சங்ககிரி)

பதில்: அமேசானில் இல்லை. மைக்ரோசாஃப்டின் அஷூரில் சவுத் இந்தியா ரீஜன் சென்னையில்தான் இருக்கிறது. அங்கே புவிவாரி நகல் என்று தேர்ந்தெடுத்தால் ஊரைத் தேர்வு செய்யும் வேலை உங்களுக்கு இல்லை. புனேவில் உள்ள சென்ட்ரல் இந்தியாவுக்கு ஜோடி சென்னை என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2016 டிசம்பர் வர்தா புயலையும் பார்த்தவர்கள் மூலத்தை உள்நாட்டிலும் நகலைக் கடலோரத்திலும் வைக்கலாமா என்று யோசிப்பார்கள். வைக்கலாம். இரண்டு ஊரும் ஒரே நாளில் மூழ்காமல் இருந்தால் போதும்.

கேள்வி: ஹைதராபாத்தில் ஏற்கெனவே ஒரு ஃபைல் சிஸ்டம் வைத்திருக்கிறேன். அதையே டெஸ்டினேஷனாகக் கொடுக்கலாமா?
(வாசகர், திருச்செங்கோடு)

பதில்: கொடுக்கலாம், அதில் உள்ளது போனால் பரவாயில்லை என்றால். மூலத்தில் இல்லாத எதுவும் அதில் மிஞ்சாது. அதற்காகத்தான் ஓவர்ரைட் புரொடெக்‌ஷன் என்று ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். அதை நீங்களே டிஸேபிள்ட் என்று எழுதினால்தான் நகல் தொடங்கும். ரிக் வண்டிகளின் சர்வீஸ் பதிவுகள் அதில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் அவற்றை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், தம்பி.

கேள்வி: எல்லாம் போட்டு மூன்று மாதம் ஆகிறது. உண்மையில் மும்பை விழுந்தால் இது வேலை செய்யும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(வாசகர், வாழப்பாடி)

பதில்: இந்த மாதம் வந்ததிலேயே நல்ல கேள்வி. இப்போதைய நிலையில் வேலை செய்யாது. நீங்கள் அனுப்பிய கோடில் ஹைதராபாத்துக்கு மவுன்ட் டார்கெட்டே இல்லை. அமேசான் அங்கே ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கும். அதை அடையும் வாசலை உருவாக்காது. விபிசி, சப்நெட், 2049 போர்ட்டைத் திறக்கும் செக்யூரிட்டி குரூப், மவுன்ட் டார்கெட் எல்லாம் உங்கள் கோடில் இருக்க வேண்டும். ஆக்ஸஸ் பாயின்ட்களும் நகலாகாது. அவற்றையும் அங்கே தனியாக எழுதுங்கள்.

அடுத்து, டைம் சின்ஸ் லாஸ்ட் சின்க் என்ற அளவை கிளவுட்வாட்சில் பார்த்து, அது எகிறினால் உங்கள் போனுக்கு அலாரம் வரும்படி வையுங்கள். 15 நிமிடம் என்பது பெரும்பாலான ஃபைல் சிஸ்டங்களுக்கான இலக்கு. அடிக்கடி மாறும் ஃபைல்களோடு 10 கோடிக்கு மேல் ஃபைல் இருந்தாலோ, ஒரே ஃபைல் 100 ஜிபியைத் தாண்டினாலோ நேரம் கூடும். எடைச்சீட்டுக்கு அந்தக் கவலை வராது.

ரெப்ளிகேஷனை நிறுத்தாமலேயே மாதம் ஒருமுறை ஹைதராபாத்தில் ஒரு சிறு சர்வரை எழுப்பி, நகலை மவுன்ட் செய்து, நேற்றைய சீட்டு ஒன்றைத் திறந்து பாருங்கள். முழு ஒத்திகை தனி. ரெப்ளிகேஷனை நீக்கினால் நகல் எழுதக்கூடியதாக மாறும். அன்றைய வேலையை அங்கே ஓட்டுங்கள். திரும்பி வர, மும்பை ஃபைல் சிஸ்டத்தின் பூட்டை டிஸேபிள்ட் ஆக்கி, அதன் ஐடியைக் கொடுத்து எதிர்த்திசையில் ரெப்ளிகேஷன் போட வேண்டும். 2023 நவம்பருக்கு முன் இந்த வசதி கிடையாது. உங்கள் மும்பை ஃபைல் சிஸ்டம் என்க்ரிப்ட் செய்யப்படாதது என்று கோடில் தெரிகிறது. ஹைதராபாத் நகல் என்க்ரிப்ட் ஆனது. அப்படி இருந்தால் எதிர்த்திசையில் அமேசான் அனுமதிக்காது. உருவாக்கிய பிறகு என்க்ரிப்ஷனை மாற்றவும் முடியாது. ஆகவே முதல் வேலை, மும்பையில் என்க்ரிப்ட் செய்த புது ஃபைல் சிஸ்டம் ஒன்றை உருவாக்கித் தரவை அதற்கு மாற்றுவது. ஒத்திகைத் தேதியை அதற்குப் பிறகு குறித்துக்கொள்ளுங்கள், ஆலையில் எடை போடாத நாளாகப் பார்த்து.