கட்டுப் போட்ட கைகளுக்கும் ஆறுதல் தேவை

2015 மே மாதம், கேரளத்தின் ஆலப்புழையில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் நீர்விளையாட்டு மையத்தில் பயிற்சி பெற்ற நான்கு மாணவிகள் தற்கொலைக்கு முயன்றார்கள். ஒருவர் இறந்தார்.

இப்படி நடந்தால் குடும்பத்தையும் சக மாணவர்களையும் தேடிப் போகிறோம். தினமும் காலுக்குக் கட்டுப் போட்ட பிசியோதெரபிஸ்ட்? ‘நாம கவனிச்சிருக்கணுமோ?’ என்று அவரும் தவிப்பார்.

மதுரை வட்டாரக் கல்லூரி நிர்வாகிகளே, இவற்றைச் செய்யுங்கள்:

• தகவலை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் நேரில் சொல்லுங்கள்.
• சில நாட்களுக்கு அவருடைய வேலையை வேறொருவர் பார்க்கட்டும்.
• “உங்களுக்குத் தெரியலையா?” என்று கேட்காதீங்க.
• விசாரணைக்குப் போகும்போது துணைக்கு ஒருவரை அனுப்புங்கள்.
• ஒரு மாதம் கழித்தும் “எப்படி இருக்கீங்க?” என்று கேளுங்கள்.

பணியாளர்களே, தூக்கம் வரலையா, குற்ற உணர்வு விடலையா? 14416-க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது.

“வலியை மறைச்சு விளையாடாதே” என்று மாணவர்களிடம் சொல்வீர்கள் அல்லவா? அது உங்களுக்கும்தான்.