நீர் எழுதிய கலை

குற்றாலத்தில் அருவியாக வீழும் சிற்றாறு, வீரகேரளம்புதூர் வழியாகப் பாய்ந்து தாமிரபரணியில் கலக்கிறது. இவ்வாற்றங்கரை ஊரில்தான் ஊற்றுமலைச் சமீன்தார்கள் அரண்மனை அமைத்து வாழ்ந்தனர். மேட்டிலிருந்து பள்ளம் நோக்கிப் பாய்வது நீரின் இயல்பு. அந்நீரை மேல்நோக்கி எழச்செய்ய இயலுமா? எந்திரங்கள் தோன்றாத காலத்திலேயே இவ்வினாவுக்கு விடைகண்டது, இலங்கையின் சிகிரியா அரண்மனைத் தோட்டம்.

தந்தை தாதுசேனனைக் கொன்று அரியணை ஏறிய காசியப்பன் (கி.பி. 477–495), மாற்றாந்தாய் மகன் முகலனுக்கு அஞ்சி, அநுராதபுரத்தை நீங்கினான், ஏறத்தாழ 200 மீட்டர் உயர்ந்த பாறையின் உச்சியில் அரண்மனை எழுப்பினான். பாறையின் மேற்கே அகழிகளும் மதில்களும் சூழ நீர்த்தோட்டம் அமைந்தது. நடுவழியின் இருபுறமும் குளங்கள் ஒன்றற்கொன்று இணையாக வெட்டப்பட்டன. பாறைகள் நிறைந்த பகுதியிலோ அவற்றின் இயற்கை வடிவம் சிதையாமல் பாதைகள் வகுக்கப்பட்டன. அளந்து அமைத்த ஒழுங்கும் இயற்கையின் போக்கும் ஒருங்கே விளங்குவது இத்தோட்டத்தின் தனிச்சிறப்பு.

இங்குள்ள நீரூற்றுகள், துளையிட்ட வட்டமான சுண்ணாம்புக்கல் பலகைகளால் ஆனவை. உயரமான இடத்தில் தேங்கிய நீர், நிலத்தடிக் கால்வாய்கள் வழியாகத் தாழ்ந்த இடத்தை அடைகிறது. தன் மட்டத்தை எட்ட முயலும் நீர், அழுத்தத்தால் சிறு துளைகளின் வழியே மேலெழுகிறது. அருவியை வீழ்த்தும் அதே புவியீர்ப்பு, இங்கு ஊற்றினை எழுப்புகிறது. அவற்றுள் சில, மழைக்காலத்தில் இன்றும் நீர் சொரிகின்றன. காசுமீரத்தில் முகலாய மன்னர் சகாங்கீர் 1619இல் தொடங்கிய சாலிமார் தோட்டத்தின் ஊற்றுகளும் இவ்விதியாலேயே இயங்கின. எனினும், அது சிகிரியாவுக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பிற்பட்டது.

போரில் காசியப்பன் மடிந்தபின் தலைநகர் மீண்டும் அநுராதபுரத்துக்கு மாறியது. சிகிரியா பௌத்தத் துறவியரின் உறைவிடமாயிற்று. 1982இல் யுனெசுகோ இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

அச்சத்தால் எழுந்த கோட்டை அரசனைக் காக்கவில்லை. நீரின் இயல்பறிந்து அமைத்த கால்வாய்களோ பதினைந்து நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கின்றன. ஆயினும், ஊற்று எழ மேட்டுநிலத்தில் நீர் தேங்கவேண்டும். கால்வாய் தூர்ந்துபோகாதிருக்க வேண்டும். நம் ஊர்களின் குளங்களுக்கும் இது பொருந்தும். வரத்துக்கால் அடைபட்டால் மதகும் மடையும் பயனற்றுப்போகும். முன்னோர் அமைத்த நீர்வழிகளைப் பேணுதல், அவர்தம் அறிவைப் பேணுவதும் நாளைய வயலைக் காப்பதுமாகும்.