எந்த மஞ்சள்?

ஒரு சின்ன டெஸ்ட். இன்டர்னல் மார்க் எல்லாம் கிடையாது, பயப்படாதீங்க. நேத்து சாயங்காலம் பார்க்கிங்ல உங்க பைக் சீட்டைத் துடைச்சுட்டு உட்கார்ந்தீங்க இல்லையா, அப்போ துடைச்சுத் தள்ளினது என்ன பூ? என்ன நிறம்?

போன வருஷம் வரைக்கும் எனக்கும் தெரியாது. இத்தனைக்கும் எங்க ஊர் ஆலங்காயம். ஜவ்வாது மலை அடிவாரம். ஜன்னலைத் திறந்தா மலை தெரியும். ஆனா நான் படிச்சது இங்கிலீஷ் மீடியம். யூகேஜியில ஸ்பிரிங், சம்மர், ஆட்டம், விண்டர்னு நாலு கட்டம் போட்டு கலர் அடிச்சவன். ஸ்பிரிங் கட்டத்துல டாஃபடில் வரைஞ்சேன். டாஃபடிலை இன்னிவரைக்கும் நேர்ல பார்த்ததில்ல. எங்க வீட்டுத் தெரு முனையில நின்ன மரத்துக்கு மட்டும் பேர் தெரியாது.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் எங்க தாத்தா. க்ளாக்கோமாவால அவருக்குக் கண் பார்வை கொஞ்சம் கொஞ்சமா போயிடுச்சு. கேட்டராக்ட் மாதிரி ஆபரேஷன் பண்ணித் திருப்பிக் கொண்டுவர முடியாது, நரம்பு போனா போனதுதான். போன பங்குனியில லீவுக்கு வீட்டுக்குப் போனப்போ அவரைக் கைபிடிச்சு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடத்திக் கூட்டிட்டுப் போனேன். ஒரு இடத்துல நின்னு, "இங்க ஒரு மரம் இருக்கணுமே, பூத்திருக்கா?"ன்னு கேட்டார். நிமிர்ந்து பார்த்தேன். "ஆமா தாத்தா, மஞ்சளா பூத்திருக்கு"ன்னேன்.

"எந்த மஞ்சள்?"

என்கிட்ட பதில் இல்ல. மஞ்சள்னா மஞ்சள்தானே! ஹெக்ஸ் கோடு சொல்லச் சொன்னாகூட சொல்லிடுவேன், அவருக்குப் புரியற மாதிரி சொல்லத் தெரியல. அந்த ஒரு வருஷத்துல நான் கத்துக்கிட்டதைத்தான் உங்களுக்கும் சொல்லப் போறேன்.

முதல்ல காலண்டரைச் சரி பண்ணிக்கலாம். தமிழ்ல பருவம் நாலு இல்ல, ஆறு. மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில். ஆவணியில கார் காலம் ஆரம்பிச்சு கூதிர், முன்பனின்னு சுத்தி வரும். ஸ்பிரிங் முடிஞ்சு சம்மர் வருதுன்னு நாம சொல்றது ஏறக்குறைய பங்குனிக் கடைசியிலிருந்து வைகாசி வரைக்குமான நாட்கள். மாடல் எக்ஸாமும் செமஸ்டரும் வந்து உட்கார்ற அதே நாட்கள்தான். அதனாலதான் நாம யாரும் நிமிர்ந்தே பார்க்கறதில்லன்னு நினைக்கிறேன்.

இந்த வெயில்ல போய் மரம் ஏன் பூக்குது? தண்ணியே இல்லையேன்னு தோணும். நம்ம ஊர் வறண்ட காட்டு மரங்கள்ல பலது வெயில் ஏறும்போது இலையை உதிர்த்துடும். இலைதான் தண்ணியை ஆவியா வெளிய விடற இடம். அதை மூடிட்டா அடிமரத்துலயும் வேர்லயும் இருக்கற ஈரம் மிச்சமாகுது, அந்த ஈரத்துல மொட்டு விரியுது. இலை மறைக்காததால பூ தூரத்துலயே தெரியும், தேனீக்கும் பறவைக்கும் வசதி. பூத்துக் காய்ச்சு, விதை தயாராகி நிக்கறப்போ மழை வந்துடும். லோட் ஷெட்டிங் பண்ணி முக்கியமான லைனுக்கு மட்டும் கரண்ட் குடுக்கற மாதிரின்னு ட்ரிபிள் ஈ பசங்க புரிஞ்சுக்கலாம்.

இந்த வரிசையில முதல்ல வர்றது புரசு. மாசி, பங்குனியில ஒரு இலைகூட இல்லாம ஆரஞ்சு நிறத்துல எரியற மாதிரி நிக்கும். சென்னை புரசைவாக்கத்தோட பேர் இந்த மரத்துலேர்ந்துதான் வந்ததுன்னு சொல்வாங்க. இதுக்கு இங்கிலீஷ்ல ஃபிளேம் ஆஃப் தி ஃபாரஸ்ட்டுன்னு பேர். நான் ரொம்ப வருஷமா குல்மோஹரைத்தான் அப்படிச் சொல்லிட்டு இருந்தேன். குல்மோஹர் வேற. மடகாஸ்கர்லேர்ந்து வந்த மரம், மே மாசம்தான் சிவப்பாகும். நீங்களும் இன்ஸ்டாவுல தப்பா கேப்ஷன் போட்டிருந்தா அமைதியா எடிட் பண்ணிக்கோங்க, யாரும் பார்க்கல.

பங்குனியில புங்க மரம் பழைய இலையை உதிர்த்துட்டு, சில நாள்லயே எண்ணெய் தடவின மாதிரி பளபளன்னு இளம்பச்சை இலை விடும். கூடவே பூ. வெள்ளையில லேசா ஊதாவும் ரோஸும் கலந்த சின்னச் சின்னப் பூ. மரத்துல இருக்கும்போது யாரும் கவனிக்க மாட்டாங்க, கீழ பொரி கொட்டின மாதிரி கிடக்கும்போதுதான் தெரியும். நம்ம காலேஜ் பார்க்கிங்ல பைக் சீட்டு மேல விழறது இதுதான். டெஸ்டுக்கு விடை வந்துடுச்சு.

அதே சமயத்துல வேம்பும் பூக்கும். வேப்பம்பூவைக் கண்ணால தேடாதீங்க, ராத்திரி ஏழு மணிக்கு மேல மரத்தடியில நின்னு மூச்சை இழுங்க. இலையும் பட்டையும் காயும் அவ்வளவு கசக்கற மரத்துக்கு இப்படி ஒரு இனிப்பு வாசனையான்னு இருக்கும். எங்க அம்மா பழைய வேட்டியை மரத்தடியில விரிச்சுப் பூவைச் சேர்த்துக் காய வெச்சு டப்பாவுல போட்டுடுவாங்க. சித்திரை ஒண்ணுக்குப் பச்சடி, அப்புறம் வருஷம் பூரா ரசம்.

சரி, தாத்தாவோட கேள்விக்கு வர்றேன். எந்த மஞ்சள்?

இந்த சீசன்ல நம்ம கண்ணுல படற மஞ்சள் மரம் குறைஞ்சது மூணு. காலேஜ் மெயின் கேட்லேர்ந்து ரெண்டு பக்கமும் நிக்கறது இயல்வாகை. பெருங்கொன்றைன்னும் சொல்வாங்க. பூங்கொத்து மேல பார்த்து நிமிர்ந்து நிக்கும், காய் துருப்பிடிச்ச இரும்பு நிறத்துல தட்டையா இருக்கும். இதைக் கொன்றைன்னு நினைச்சு ஏமாறாதவங்க குறைவு. அசல் கொன்றை, அதாவது சரக்கொன்றை, அப்படியே தலைகீழ். பூ சரம் சரமா கீழ தொங்கும், காய் கறுப்பா ஒரு முழம் நீளத்துக்கு உருண்டையா பைப் மாதிரி இருக்கும். கேரளாவுல விஷுக்கனியில வைக்கறது இந்தப் பூதான், தாய்லாந்தோட தேசிய மலரும் இதுதான். மூணாவது ஆவாரம். இது மரமே இல்ல, இடுப்பளவு செடி. ரோட்டோரம், ஏரிக்கரை, கல்லுக்காடு எங்க பார்த்தாலும் இருக்கும். பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது வேப்பிலை, சிறுபீளையோட சேர்த்துக் கட்டறோமே, அதே பூ.

இப்போ நிறம். சரக்கொன்றை எலுமிச்சம்பழ மஞ்சள், வெயில் பின்னாடி இருந்தா இதழ் வழியா வெளிச்சம் தெரியும். ஆவாரம் முட்டைக்கரு மஞ்சள், கொஞ்சம் கனம். இயல்வாகை ரெண்டுக்கும் நடுவுல, இதழ் துவைச்சுப் பிழிஞ்ச துணி மாதிரி சுருங்கி இருக்கும். இன்னொரு மஞ்சளும் இருக்கு, பூவரசு. காலையில வெளிர் மஞ்சளா விரிஞ்சு, வாடும்போது செங்கருப்பா மாறும். ஒரே மரத்துல ரெண்டு நிறமும் பார்க்கலாம். இதைத்தான் அன்னிக்குத் தாத்தாகிட்ட சொல்லியிருக்கணும்.

ஒரு கொன்றைப் பூவைக் கையில எடுத்துப் பிரிச்சுப் பாருங்க. கீழ விழுந்ததே போதும், பறிக்க வேணாம். பத்து மகரந்தத்தாள் இருக்கும், ஆனா பத்தும் ஒரே அளவு இல்ல. மூணு நீளமா வளைஞ்சு வெளிய நீட்டிட்டு இருக்கும், நாலு நடுத்தரம், மூணு பேருக்குத்தான் இருக்கு. இந்தப் பூவுல தேன் கிடையாது. வர்ற வண்டுக்குச் சாப்பாடே மகரந்தம்தான். நடுவுல இருக்கற குட்டைத்தாள்ல வண்டு தின்னுக்கிட்டு இருக்கும்போது, நீளத்தாள் அது முதுகுல அதுக்கே தெரியாம மகரந்தத்தை ஒட்டி அடுத்த பூவுக்கு அனுப்பிடும். இந்தக் குடும்பத்துப் பூக்கள்ல பலதுக்குப் பெரிய கருவண்டு வந்து உடம்பை அதிர வெச்சாத்தான் மகரந்தம் கொட்டும். சில நூறு ஹெர்ட்ஸ் அதிர்வு, உப்பு டப்பாவைத் தட்டற மாதிரி. வைப்ரேஷன் பேப்பர்ல அரியர் வெச்சிருக்கறவங்க ஒரு நாள் மரத்தடியில போய் அந்தச் சத்தத்தைக் கேளுங்க.

இதையெல்லாம் கத்துக்கிட்டு, பெருமையா தாத்தாகிட்ட ஒப்பிச்சேன். "சரக்கொன்றை தாத்தா, எலுமிச்சம்பழ மஞ்சள்." அவர் சிரிச்சார். "அட, கொன்ன மரமா? அதை நாங்க பூவுக்காகவா பார்த்தோம்? பட்டைக்காகப் பார்த்தோம்"னார்.

நம்ம வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துல டேனரியில வேலை செஞ்ச குடும்பம் நிறைய இருக்கும், எங்களதும் அதுல ஒண்ணு. தாத்தாவோட அப்பா டேனரியில இருந்தவர். சின்னப் பையனா சோத்துத் தூக்கு கொண்டுபோய்க் குடுத்தப்போ பட்டை மூட்டை அடுக்கியிருந்ததைப் பார்த்ததா தாத்தா சொன்னார். ஆவாரம் பட்டை, கூட கொன்னப் பட்டை. ஆவாரம் பட்டையில ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்ட டானின் இருக்கு. ரோட்டோரம் நாம மிதிச்சுட்டுப் போற செடிக்கு இங்கிலீஷ்ல டேனர்ஸ் காசியான்னே பேர்.

கொஞ்சம் கெமிஸ்ட்ரி. தோல்ல இருக்கற புரதம் கொலாஜன். மூணு இழை முறுக்கின கயிறு மாதிரி. அப்படியே விட்டா அழுகும், சுடுதண்ணி பட்டா சுருங்கிப் பசையாகும். டானின் அந்த இழைகளுக்கு நடுவுல போய் ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக் கட்டிடும். தோலைச் சுண்ணாம்புல ஊறவெச்சு முடியை எடுத்து, பட்டை ஊறின தண்ணியில நாள் கணக்கா, வாரக் கணக்கா போட்டு எடுப்பாங்க. ஆவாரம் பட்டைத் தோல் வெளிச்சம் பட்டா சிவந்து போகும், அதனால கடைசியில கடுக்காய்த் தண்ணி. அந்தக் கடுக்காய் நம்ம ஜவ்வாது மலையிலயும் கிடைக்கற சரக்குதான். இப்படிப் பாதி பதனிட்ட தோல் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்'னு பேர் போட்டு லண்டன் போச்சு. முதல் உலகப் போர்ல பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸுக்குப் போனதுல இந்தத் தோலும் உண்டு.

அப்புறம் தென் ஆப்பிரிக்காவுலேர்ந்து வாட்டில் பட்டை வந்தது. இன்னொரு பக்கம் குரோம். இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல மெட்ராஸ்ல ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோம் முறையைச் சோதனை பண்ணார். குரோம்பேட்டைக்கு அந்தப் பேர் வந்ததே ஒரு குரோம் லெதர் கம்பெனியாலதான். குரோம்ல வாரக் கணக்கு வேலை ஒண்ணு ரெண்டு நாள்ல முடியும். பட்டையில பதனிட்ட தோல் 75லிருந்து 85 டிகிரி வரைக்கும் சூடு தாங்கும்னா, குரோம் தோல் 100ஐத் தாண்டியும் நிக்கும். யார்தான் வேண்டாம்பாங்க? மிச்சக் கதையை நீங்க சுற்றுச்சூழல் பாடத்துல படிச்சிருப்பீங்க. பாலாறு, 1996 ஆகஸ்ட் 28 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, ரெண்டு மார்க் கேள்வி.

ஆனா பட்டைக் காலம் பொற்காலம்னு நான் எழுத மாட்டேன். சுண்ணாம்பும் உப்பும் முடியும் அப்பவும் தண்ணியிலதான் போச்சு. பட்டை உரிச்ச செடி பூக்காது. தாத்தாவோட அப்பா கை முழுக்கப் பட்டைக் கறையோடதான் கடைசி வரைக்கும் இருந்தாராம். எனக்கு இதுல பிடிச்சது வேற விஷயம். அழகுன்னு நான் போட்டோ எடுத்த பூ, எங்க வீட்டுல மூணு தலைமுறைக்கு முன்னாடி சோறு போட்டிருக்கு. ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டுப் பார்க்கறப்போ அந்தச் செடி வேற மாதிரி தெரியுது.

கொன்றையைப் பத்தி ஒரு சண்டையும் இருக்கு. சங்கப் பாடல்கள்ல கொன்றை கார்காலப் பூ, மழைக்குப் பூக்கறது. குறுந்தொகை 66ஆம் பாட்டுல, காலம் தவறிப் பெஞ்ச மழையைக் கார்னு நினைச்சுப் பூத்த கொன்றையை முட்டாள்னு தோழி சொல்றா, தலைவன் சொன்ன நாள் இன்னும் வரலன்னு தலைவியைத் தேத்தறதுக்காக. நாம பார்க்கறதோ சித்திரையில. மரம் எப்போ பூக்குதுன்னு யாராவது உட்கார்ந்து எழுதி வெச்சாத்தான் இந்த மாதிரி விஷயத்துல வாய் திறக்க முடியும். ஜப்பான்ல கியோட்டோ செர்ரிப் பூ எப்போ பூத்ததுங்கற குறிப்பு கி.பி. 812லேர்ந்து கிடைக்குது. 2021ல மார்ச் 26லயே பூத்துடுச்சு, அதுவரைக்கும் இருந்த குறிப்புகள்லயே அதுதான் ரொம்ப சீக்கிரம். இந்தியாவுல சீசன்வாட்ச்னு ஒண்ணு இருக்கு, நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் நடத்தறது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒரு தடவை பார்க்கணும். தளிர் இருக்கா, மொட்டு இருக்கா, பூ, காய், பழம். ஒவ்வொண்ணுக்கும் இல்ல, கொஞ்சம், நிறைய, அவ்வளவுதான். ரெண்டு நிமிஷ வேலை. அட்டெண்டன்ஸ் எடுக்கறதைவிட ஈஸி.

எங்க ஊர்க்காரங்களுக்கு இன்னும் ஒரு வசதி. ஆலங்காயத்துலேர்ந்து காவலூர் ரோட்டுல மேல ஏறினா வைணு பாப்பு வானாய்வகம், கடல் மட்டத்துக்கு மேல சுமார் 725 மீட்டர். 300 மீட்டர் ஏறினா ஏறக்குறைய 2 டிகிரி குறையும்னு தெர்மோவுல படிச்சது ஞாபகம் இருக்கா? அடிவாரத்துல ஒரு மரம், மேல அதே ஜாதி மரம், ரெண்டையும் குறிச்சுக்கிட்டே வந்தா எது முந்துதுன்னு பார்க்கலாம். வானாய்வகத்துல இருக்கறவங்க வானத்தைக் குறிக்கறாங்க, நாம மரத்தைக் குறிப்போம்.

நான் குறிக்கறது ஹாஸ்டல் பின்னாடி காம்பவுண்ட் ஓரம் நிக்கற ஒரு கொன்றை. ஞாயித்துக்கிழமை காலையில பார்த்துட்டு தாத்தாவுக்கு போன். போன வாரம் சொன்னேன்: "கீழ்க்கிளையில ஏழு சரம், பாதி மொட்டு. மொட்டு பச்சைப் பட்டாணி மாதிரி, விரிஞ்சது எலுமிச்சம்பழ மஞ்சள். கருவண்டு ரெண்டு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டார், "வாசனை?"

கிட்டப் போய்ப் பார்த்துச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். கிளை கொஞ்சம் உயரம். இந்த ஞாயிறு ஏணி வேணும், செக்யூரிட்டி அண்ணன்கிட்ட கேட்டு வெச்சிருக்கேன்.